நம் மலை மரங்களுக்கு உரிய புரோமிலியாடுகள் உண்டா?

சூரியநெல்லிக்கு அருகில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தாங்கள் கேட்டிருப்பது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய, மரத்தின்மேல் வளரும் புரோமிலியாடு (அன்னாசிக் குடும்பத்துச் செடி) வகைகள் எவை, காட்டில் அவை எப்படிப்பட்ட இடத்தை விரும்பும் என்பது. ஒரு நர்சரியில் "மூணாறு காட்டுச் செடி" என்று சொல்லி விற்ற மூன்று செடிகளை வாங்கி வந்திருப்பதாகவும், தோட்டத்தின் மேல் எல்லையில் சோலையை ஒட்டி நிற்கும் மரங்களில் அவற்றைக் கட்டிவிட எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இது பெயர்ப்பட்டியல் கேட்கும் கேள்வி அன்று. இந்தச் செடி இந்த மரத்துக்கு உறவா அந்நியமா, அந்நியமானால் அங்கே கட்டலாமா கூடாதா என்பதே தாங்கள் அறிய விரும்புவது என்று கொண்டு விடை எழுதுகிறேன். பீர்மேடு வட்டாரத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பிறந்து, பின்னர் 30 ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன் நான். மரத்தைப் பற்றி வளரும் நம் மலையின் தொற்றுத்தாவரங்களைக் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் அறிவேன். புரோமிலியாடுகளையோ தோட்டங்களிலும் கண்ணாடிக் கூடங்களிலும் மட்டுமே கண்டிருக்கிறேன். அவற்றின் தாய்க்காடுகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்து அறிந்தது.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய புரோமிலியாடு ஒன்றுகூட இல்லை. இந்தியாவுக்கும் இல்லை, ஆசியா முழுமைக்கும் இல்லை. 3,500க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தக் குடும்பம், வட அமெரிக்காவின் வர்ஜீனியா தொடங்கித் தென்னமெரிக்காவின் தென்பகுதிவரை பரந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளர்வது ஒரே ஓர் இனந்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் மணற்பாறைகளின்மேல் வளரும் பிட்கெய்ர்னியா ஃபெலிசியானா என்னும் அதுவும் மரத்தில் தொற்றுவதன்று, பாறைச்செடி. நம் ஊர்களில் இந்தக் குடும்பத்தை அனைவரும் அறிந்திருப்பது ஒரு பழத்தின் வழியாக. அன்னாசிதான் அது. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த இந்தச் செடியின் முள்விளிம்பு இலை தாழையை நினைவூட்டியதால் மலையாளத்தில் அதற்குக் கைதச்சக்க என்று பெயர் வந்தது; கைத என்றால் தாழை. வாழக்குளம் அன்னாசி புவிசார் குறியீடு பெறும் அளவுக்குக் கேரளத்தில் வேரூன்றிவிட்டது என்றாலும், அது வந்த செடியே தவிர இங்கே பிறந்த செடி அன்று. இக்குடும்பத்தில் பாதிக்கு மேற்பட்டவை மரத்தின்மேல் வாழ்பவை. அன்னாசி தரையில் நிற்கும் பிரிவைச் சேர்ந்தது.

இந்தியாவும் தென்னமெரிக்காவும் ஒரு காலத்தில் ஒரே பெருநிலத்தின் பகுதிகள்தாமே, பிறகு ஏன் இங்கே இல்லை என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். நல்ல கேள்விதான். மரபணுக்களை ஒப்பிட்டுக் கணக்கிட்டவர்கள், இக்குடும்பத்தின் வேர் தென்னமெரிக்காவின் வடக்கிலுள்ள கயானாக் கேடயம் என்னும் பழம்பாறை நிலப்பகுதியில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்றும், இன்று நாம் காணும் கிளைகள் பெரும்பாலும் கடந்த 2 கோடி ஆண்டுகளுக்குள் விரிந்தவை என்றும் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவின் அந்த ஒற்றை இனம் ஏறத்தாழ 1 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போய்ச் சேர்ந்தது என்பது அவர்கள் முடிவு. இந்த எண்கள் மதிப்பீடுகள். புதிய ஆய்வு வந்தால் முன்பின்னாக நகரும். நிலங்கள் பிரிந்து நெடுங்காலம் கழித்தே இந்தக் கிளைகள் விரிந்தன என்னும் பொதுப்போக்கு மட்டும் மாறும் என்று நான் எண்ணவில்லை.

இனி அவற்றின் தாய்வீட்டைப் பற்றி. மரத்தில் வாழும் செடிக்கு உள்ள பெருந்துன்பம் தண்ணீர். மழை கொட்டி முடிந்த ஒரு மணி நேரத்தில் கிளை காய்ந்துவிடும். மண்ணில் ஈரம் தேடிப்போக வேரும் இல்லை. புரோமிலியாடுகள் இதற்கு இரண்டு வழிகள் கண்டன. ஒன்று, இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று தழுவி நடுவில் கிண்ணம்போல் அமைவது. அதில் மழைநீர் தேங்கும், உதிர்ந்த இலையும் பூச்சியும் விழுந்து மட்கும், செடி அந்தச் சாற்றை இலையின் அடியாலேயே உறிஞ்சிக்கொள்ளும். வேரின் வேலை பெரும்பாலும் கிளையைப் பற்றிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. ஆண்டீஸ் மலைச்சரிவின் முகில்காடுகளிலும் பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடுகளிலும் ஒரே மரக்கிளையில் இப்படிப்பட்ட கிண்ணங்கள் பல வரிசையாக அமர்ந்திருக்கும். மட்டுப்பெட்டிக்கு மேலே ஆடி மாதத்து மூடுபனி இறங்கும்போது சோலைக்குள் நின்றிருப்பீர்கள். அந்த ஈரம், அந்தக் குளிர், அந்த மங்கல் வெளிச்சம் ஆகியவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் முகில்காடு எப்படியிருக்கும் என்பது ஏறக்குறைய விளங்கிவிடும்.

இரண்டாவது வழி இன்னும் வியப்பானது. டில்லான்சியா பேரினத்தின் பல இனங்களுக்குக் கிண்ணம் இல்லை. இலை முழுதும் சாம்பல் நிறச் செதில்போன்ற நுண்ணிய தூவிகள் மூடியிருக்கும். ஈரம் பட்டதும் அவை தட்டையாகப் படிந்து நீரை உள்ளே இழுக்கும், காய்ந்ததும் நிமிர்ந்து வெயிலைத் திருப்பியடிக்கும். ஸ்பானிஷ் பாசி என்று பெயர் பெற்ற டில்லான்சியா உஸ்னியாய்டிஸ் வளர்ந்த நிலையில் வேரே இல்லாமல் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஓக் மரங்களிலும் சதுப்புநில சைப்ரஸ் மரங்களிலும் சடைசடையாகத் தொங்குகிறது. பெயரில் பாசி இருந்தாலும் அது பூக்கும் செடி. பெரு, சிலி நாடுகளின் கடலோரப் பாலைவனத்தில் மழை என்பதே அரிது. அங்கே சில டில்லான்சியாக்கள் வெறும் மணலின்மேல் கிடந்து கடல் மூடுபனியை மட்டும் குடித்து வாழ்கின்றன. மற்றோர் இனமான டில்லான்சியா ரிகர்வாட்டா தந்திக் கம்பிகளின்மேலும் உருண்டை உருண்டையாக வளர்கிறது. கம்பியிலிருந்து உறிஞ்ச எதுவும் இல்லை என்பதால், தொற்றுத்தாவரம் தான் அமர்ந்த மரத்தின் சாற்றைத் திருடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இவற்றுள் பல, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேர்த்து வைத்து மறுநாள் வெயிலில் பயன்படுத்துகின்றன. அன்னாசியும் அப்படியே. இந்த வழக்கத்தின் முதல் தடயங்களுள் ஒன்று நம் தென்னாட்டில் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகத் தென்னிந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரணகள்ளி இலையை விடியலில் மென்றால் புளிக்கிறது, பொழுது ஏற ஏற அந்தப் புளிப்பு மறைகிறது என்று எழுதி அனுப்பினார். வீட்டில் ரணகள்ளி இருந்தால், விடியலில் ஒரு சிறு துணுக்கு, உச்சிப்பொழுதில் ஒரு சிறு துணுக்கு என்று நாவின் நுனியில் வைத்துத் துப்பிப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

கிண்ணத்து நீர் வெறும் நீரன்று, ஒரு குளம். ஜமைக்காவில் மெட்டோபாலியாஸ் டிப்ரெசஸ் என்னும் நண்டு தன் குஞ்சுகளைப் புரோமிலியாட்டின் இலைக்கக்கத்து நீரிலேயே வளர்க்கிறது. தாய் நண்டு நீரில் விழுந்த சருகை அகற்றுகிறது, நத்தை ஓடுகளைக் கொண்டுவந்து போட்டு நீரில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டுகிறது. இதைப் படித்தபோது நம் மலையில் புரோமிலியாடு இல்லாத இடத்தில் நண்டு என்ன செய்யும் என்று எண்ணியதுண்டு. அதற்கு விடை 2017இல் வந்தது. கேரளத்தின் தென்பகுதிக் காடுகளில், மரப்பொந்துகளில் தேங்கும் நீரை இடமாகக் கொண்டு வாழும் நண்டு ஒன்று விவரிக்கப்பட்டு, அதற்குக் காணி மரஞண்டு என்று பெயரிடப்பட்டது. அங்கே வாழும் பழங்குடியினரான காணி மக்களின் பெயரும் மரநண்டு என்னும் வழக்குச் சொல்லும் அதிலேயே இருக்கின்றன. அங்கே கிண்ணச்செடி, இங்கே மரப்பொந்து. தவளைகளுக்கும் அப்படியே ஒரு மாற்று இங்கே உண்டு. மலையாளத்தில் ஈற்ற என்று சொல்லப்படும் நாணல்போன்ற மூங்கிலின் கணுவிடைகளில், சிறு பிளவின் வழியே நுழைந்து முட்டையிடும் புதர்த்தவளைகள் நம் மலையில் வாழ்கின்றன.

கிண்ணச்செடியின் இடத்தை இங்கே மரத்தின்மேல் நிரப்புபவை பெரணிகளும் ஆர்க்கிடுகளும். முடவாட்டுக்கால் என்று கொல்லிமலையில் கிழங்கை விற்கிறார்களே, அந்த ஓக்கிலைப் பெரணியைத் தாங்கள் தோட்டத்துப் பலாவிலேயே பார்த்திருப்பீர்கள். அதற்கு இருவகை இலைகள். பச்சையாக நீண்டு நிற்பவை ஒளிச்சேர்க்கைக்கு. அடிமரத்தோடு ஒட்டிப் பழுப்பாய்க் காகிதம்போல் நிற்பவை சருகு பிடிப்பதற்கு. காய்ந்த இலை என்று பலர் பிய்த்துப் போடுவது இந்தச் சருகுக்கூடையைத்தான். பறவைக்கூட்டுப் பெரணி முழுச்செடியையுமே கூடையாக்கிக்கொள்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் புரோமிலியாட்டின் வடிவமே தெரியும், நர்சரிக்காரருக்கும் வாங்குபவருக்கும் குழப்பம் பிறப்பது பெரும்பாலும் இங்கேதான். ஆனால் அதில் தண்ணீர் நிற்காது, மட்குதான் நிற்கும். இலையின் அடியில் கோடுகோடாக வித்துப்பைகள் இருக்கும், பூ வராது. ஆர்க்கிடுகளோ வேரின்மேல் வெலாமன் என்னும் வெண்ணிறப் பஞ்சுத்திசுவை வளர்த்து ஈரத்தை உறிஞ்சுகின்றன. நனைந்தவுடன் அந்த வேர் பச்சையாக மாறுவதைக் கைக்குட்டை நீர் பிழிந்தே காட்டிவிடலாம். சோலைமரங்களில் தாடிபோல் தொங்கும் சாம்பல்பச்சை இழைகளைப் பார்த்து ஸ்பானிஷ் பாசி என்று பயணிகள் எழுதுகிறார்கள். அது உஸ்னியா என்னும் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்), சமையலுக்கு வாங்கும் கல்பாசியின் உறவு. ஸ்பானிஷ் பாசியின் இனப்பெயரான உஸ்னியாய்டிஸ் என்பதற்கே உஸ்னியாவைப் போன்றது என்றுதான் பொருள். ஒப்புமை அங்கிருந்து இங்கே வந்ததன்று, லைக்கனிலிருந்து செடிக்குப் போனது.

மரத்தின்மேல் இருப்பதையெல்லாம் புல்லுருவி என்று அழைக்கும் வழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. அதனால் கவாத்தின்போது நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வெட்டுப்படுகின்றன. புல்லுருவி கிளையின் திசுவுக்குள் உறிஞ்சுவேரை இறக்கி நீரை எடுக்கும், ஒட்டிய இடத்தில் கிளை புடைத்திருக்கும். பிடித்து இழுத்தால் வராது, கிளையோடுதான் ஒடியும். ஆர்க்கிடும் பெரணியும் பட்டையின்மேல் மட்டும் பற்றியிருக்கும். இந்தக் குழப்பம் கற்றவர்களையும் விட்டதில்லை. ஆனைமலையை அடுத்த உயர்மலைகளில் மரத்தின்மேல் வளரும் அழகிய காசித்தும்பை இனம் ஒன்றுக்குப் படை அதிகாரியாகவும் வன அதிகாரியாகவும் இருந்த பெடோம் வைத்த பெயர் இம்பேஷன்ஸ் பாராசிட்டிகா, அதாவது ஒட்டுண்ணிக் காசித்தும்பை. அது ஒட்டுண்ணி அன்று. பாசிப்படுகையில் வேர்விட்டு வாழும் தொற்றுத்தாவரம்.

தாங்கள் வாங்கிய மூன்று செடிகளுக்கு வருகிறேன். நடுவில் தண்ணீர் நிற்கும், உள்ளிலைகள் சிவந்திருக்கும் என்று எழுதியிருக்கும் இரண்டும் நியோரெகெலியா அல்லது குஸ்மேனியா வகைகளாக இருக்கலாம். மண்ணே இல்லாமல் நரைத்த நிறத்தில் இருக்கும் மூன்றாவது டில்லான்சியா என்பதில் ஐயமில்லை. எந்த இனம் என்று வருணனையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விற்பனைக்கு வருபவற்றுள் பெரும்பகுதி கலப்பினங்களாதலால் பூவைப் பார்த்தாலும் சில வேளைகளில் சொல்ல முடியாது. ஒரு குருத்து ஒருமுறைதான் பூக்கும், பிறகு மெல்ல வாடும், அடியில் பக்கக்கன்றுகள் வரும். வாழையை வளர்த்தவர்களுக்கு இது புதிதன்று. வாடுகிறதே என்று உரம் போட வேண்டாம்.

அவற்றைச் சோலையோர மரங்களில் கட்டலாமா என்னும் கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பது. காரணங்களில் முதலாவது கொசு. இது உறுதியான செய்தி. டிரினிடாட் தீவில் கொக்கோத் தோட்டங்களுக்கு நிழல்மரமாக எரித்ரினா பேரினத்து மரங்களை வளர்த்தார்கள். நம் தோட்டங்களில் மிளகு ஏற்றும் முருக்கின் நெருங்கிய உறவு அது. அந்த மரங்களின் கிளைகளில் அடைந்த புரோமிலியாடுகளின் கிண்ணங்களில் அனோஃபிலிஸ் பெல்லாட்டர் என்னும் கொசு பெருகி மலேரியாவைப் பரப்பியது. உயிரியலாளர் காலின் பிட்டென்றி 1940களில் இதை மரம்மரமாக ஆராய்ந்தார். தீர்வாகச் செடிகளைக் கையால் பிடுங்கவும் மயில்துத்தக் கரைசலைத் தெளிக்கவும் செய்தார்கள். அந்தக் கொசு இங்கே இல்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்துச் சிரட்டையிலும் அன்னாசியின் இலைக்கக்கத்திலும் தேங்கும் நீர் அதற்குப் போதும் என்பதை இடுக்கியிலும் எர்ணாகுளத்திலும் உள்ளவர்கள் மழைக்காலந்தோறும் அனுபவித்து அறிவார்கள். முப்பதடி உயரத்தில் கட்டிய கிண்ணத்தை வாரம் ஒருமுறை கவிழ்க்க எவராலும் முடியாது.

டிரினிடாட் செய்தியில் தங்களுக்கு நேராகப் பயன்படும் மற்றொன்றும் இருக்கிறது. செம்புச் சத்து புரோமிலியாடுகளுக்கு நஞ்சு. அங்கே மயில்துத்தத்தைத் தெளித்ததே அதனால்தான். ஏலத்தின் அழுகல் நோய்க்குத் தாங்கள் மழைக்காலத்தில் தெளிக்கும் போர்டோக் கலவை, சுண்ணாம்போடு சேர்த்த அதே மயில்துத்தந்தான். தோட்டத்து மரத்தில் கட்டினால் முதல் மருந்தடிப்பிலேயே சேதம் வர வாய்ப்பு மிகுதி.

இரண்டாவது காரணம், செடியோடு கூட வருபவை. புளோரிடாவில் அந்நிலத்துக்கே உரிய புரோமிலியாடுகள் 16 இனங்கள் உண்டு. மெக்சிகோவிலிருந்து அலங்காரச் செடிகளோடு வந்த மெட்டாமேசியஸ் கல்லிசோனா என்னும் கூன்வண்டு 1989இல் அங்கே கண்டறியப்பட்டது. அதன் புழு செடியின் நடுத்தண்டைத் துளைத்துத் தின்று, சதுப்புக்காடுகளில் பெருஞ்செடிகளை அழித்துக்கொண்டே போனது. அந்த வண்டு இங்கே வரும் என்று நான் சொல்லவில்லை. வேறு நாட்டுச் செடியைக் காட்டின் ஓரத்தில் கட்டும்போது அதன் இலைக்கக்கத்தில் இருப்பதையும் சேர்த்தே கட்டுகிறோம் என்பதைத்தான் சொல்கிறேன். செடிகளே விதையால் சோலைக்குள் பரவுமா என்பது ஐயத்துக்கு உரியது. டில்லான்சியாவின் விதைக்கு எருக்கு விதைபோல் பஞ்சு உண்டு, காற்றில் போகும். நியோரெகெலியாவின் பழத்தைப் பறவை தின்னும். மறுபக்கம், அவற்றுள் பலவற்றின் மகரந்தத்தைத் தாய்நாட்டில் சுமக்கும் ரீங்காரச்சிட்டு இங்கே இல்லை. ஆனால் நம் தேன்சிட்டு அந்தப் பூவைத் தொடாது என்று எவரும் உறுதி கூற இயலாது. சோலைகளுக்குள் வேற்றுநாட்டுச் சீகை (வாட்டில்) மரமும் லாண்டானா என்னும் உண்ணிச்செடியும் ஏறியதை என் வாழ்நாளுக்குள் பார்த்தவன் ஆதலால், ஐயம் உள்ள இடத்தில் நான் காட்டின் பக்கம் நிற்கிறேன்.

ஆகவே அந்த மூன்றையும் வீட்டுத் திண்ணையில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். கிண்ணத்து நீரை வாரம் ஒருமுறை கவிழ்த்துப் புதுநீர் ஊற்றுங்கள். டில்லான்சியாவை வாரம் இரண்டு முறை மழைநீரில் நனைத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு நீரை வடியுங்கள். செம்புப் பாத்திரமும் செம்புக் கம்பியும் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அழுகிச் சாகாமல் காக்க, கூரைக்கு உள்ளே எடுத்துவிடுவது நல்லது.

சோலையோர மரங்கள் வெறுமையாய் இருப்பதாகத் தாங்கள் வருந்தியிருப்பது என்னைத் தொட்டது. அந்த வெறுமைக்குக் காரணம் பெரும்பாலும் கவாத்துதான். நிழலைக் குறைக்கக் கிளையை இறக்கும்போது, பல ஆண்டுகளாகப் பாசி படர்ந்து ஆர்க்கிடு அமர்ந்த கிளைகளே முதலில் இறங்குகின்றன. அடுத்த கவாத்துக்கு முன் வேலைக்காரர்களிடம் புல்லுருவியையும் மற்றவற்றையும் பிரித்துக் காட்டுங்கள். விழுந்த கிளையில் ஆர்க்கிடோ பெரணியோ இருந்தால் பட்டையோடு சேர்த்து எடுத்து, அதே இன மரத்தில், முன்பு இருந்த உயரத்துக்கும் நிழலுக்கும் ஏற்ற கவட்டையில், தேங்காய்நார்க் கயிற்றால் வேர் அசையாதபடி கட்டுங்கள். மே மாத இறுதியில் கட்டினால் மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இரவிகுளம், பாம்பாடும்சோலை, மதிகெட்டான்சோலை போன்ற தேசியப் பூங்காக்களிலிருந்து ஒரு கன்றைக்கூட எடுக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம், எடுக்கத் தேவையும் இல்லை. பாசியைச் சுரண்டாமல் விட்ட மரத்தில், ஆர்க்கிடின் தூள்போன்ற விதை காற்றிலேயே சோலையிலிருந்து வந்து சேரும். அந்த விதைக்குள் உணவு இல்லாததால் பட்டையிலுள்ள பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் அது முளைக்கும். அந்தப் பூஞ்சைக்குப் பழைய, ஈரம் பிடிக்கும் பட்டை வேண்டும். முதல் கன்று கண்ணுக்குத் தெரியச் சில ஆண்டுகள் ஆகலாம். எந்த மரத்தில், தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில், எந்தத் திசைப் பக்கம் வந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு எனக்கும் எழுதுங்கள்.